ரிங்குக்குக் கீழே மூன்றாவது ஆள்

2013 ஜூலை முதல் வாரம். டெட்ராய்ட் நகராட்சி திவால் மனு கொடுக்க இன்னும் இரண்டு வாரம்தான் இருந்தது. எங்கள் சாப்பாட்டு மேசையில் அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. எங்கள் ஊர்க் கூடைப்பந்து அணி ஜோஷ் ஸ்மித் என்ற ஆட்டக்காரரை எடுக்கலாமா, கூடாதா என்பதுதான் பேச்சு.

நான் அப்போது டெட்ராய்டுக்கு வடக்கே ஒரு புறநகரில், கார் உதிரிபாகங்களைப் பரிசோதிக்கும் கூடத்தில் வேலை பார்த்தேன். சஸ்பென்ஷன் பாகங்களைச் சோதனை மேடையான ரிக்கில் மாட்டி, உடையும்வரை ஆட்டுவோம். எத்தனை லட்சம் ஆட்டலில் உடைந்தது, எந்த இடத்தில் விரிசல் தொடங்கியது என்று எழுதிக் கொடுப்போம். கோயம்புத்தூரில் இருந்து வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. பான்டியாக் பராசக்தி கோயிலுக்குப் போவோம். அதற்குப் பக்கத்து ஊரான ஆபர்ன் ஹில்ஸில்தான் பிஸ்டன்ஸ் அணியின் பேலஸ் அரங்கம் இருந்தது. ஊர் கார் ஊர், அணியின் பெயரே பிஸ்டன். அதை விட்டு வேறு அணியை ஆதரிக்க எங்கள் கூடத்தில் ஒருவருக்கும் துணிச்சல் கிடையாது.

ஆனால் அந்த அணி அப்போது பரிதாபமாகக் கிடந்தது. பெரிய நட்சத்திரம் ஒருவர்கூட இல்லாமல் 2004இல் லேக்கர்ஸை 4-1 என்று அடித்துக் கோப்பை வாங்கிய அணி அது. 2012-13இல் 82 ஆட்டங்களில் 29ஐத்தான் ஜெயித்திருந்தது. கையில் காசு இருந்தது. அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வில் ஒவ்வோர் அணிக்கும் சம்பள வரம்பு உண்டு. அதில் இடம் காலியாக இருந்தால், ஒப்பந்தம் முடிந்து வெளியே நிற்கும் ஆட்டக்காரரை ஜூலையில் பேசி எடுத்துக்கொள்ளலாம். அந்த வருடம் அப்படி நின்றவர்களில் ஒருவர் ஸ்மித். அட்லாண்டாவை ஒட்டிய காலேஜ் பார்க்கில் பிறந்து, பள்ளி முடித்த கையோடு 2004இல் அட்லாண்டா அணியில் சேர்ந்து, ஒன்பது வருடம் அங்கேயே ஆடியவர். பவர் ஃபார்வர்ட். ரிங்குக்குப் பக்கத்தில் நின்று, உள்ளே விழாமல் திரும்பும் பந்தை (ரீபவுண்ட்) பிடிப்பது, எதிரியின் ஷாட்டை மறிப்பது, எகிறிப் பந்தை ரிங்குக்குள் திணித்து டங்க் அடிப்பது எல்லாம் கைவந்த கலை. கடைசி வருடத்தில் ஆட்டத்துக்கு 17.5 புள்ளி, 8.4 ரீபவுண்ட்.

இந்த எண்களை நான்தான் தாளில் எழுதிக்கொண்டு வந்து மேசையில் வைத்தேன். எடுக்க வேண்டும் என்ற கட்சிக்கு நானே தலைவன், நானே தொண்டன்.

எதிர்க்கட்சி எங்கள் லேப் டெக்னீஷியன். அறுபதை நெருங்கிக்கொண்டிருந்த டெட்ராய்ட்காரர். 1989, 1990 இரண்டு கோப்பைகளையும் பார்த்தவர். ஆங்கிலத்தில் நீயும் கிடையாது, நீங்களும் கிடையாது; ஆனால் அவர் பேசினால் என் காதில் மட்டும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு ‘தம்பி’ சேர்ந்துதான் விழும்.

“நல்ல ஆட்டக்காரன், நான் இல்லைன்னு சொல்லல. எங்க நிக்க வைப்பாங்க?” என்றார்.

“நிக்க இடமா இல்ல?”

அவர் பதில் சொல்லவில்லை. சாப்பாட்டுத் தட்டை என் முன்னால் இழுத்து வைத்தார். தட்டின் ஓரத்தில் ஒரு பேப்பர் கப், அதுதான் ரிங். அதை ஒட்டித் தன் காபி ஃபிளாஸ்க்கை நட்டார். “இது டிரம்மண்ட்.” பக்கத்திலேயே மிளகுத்தூள் டப்பா. “இது மன்ரோ.” ரிங்குக்குக் கீழே நிற்க அணியில் ஏற்கெனவே இருந்த இரண்டு நெட்டையர்கள். பிறகு என் எவர்சில்வர் டிபன் டப்பாவை, உள்ளே சாம்பார் சாதம் பாதி இருந்தபடியே, தூக்கி அந்த இரண்டுக்கும் நடுவில் திணித்தார். மிளகு டப்பா சாய்ந்தது. “இது உன் ஸ்மித்.” கடைசியாக, பந்தைக் கொண்டுவரும் ஆட்டக்காரராக (கார்டு) ஒரு பிளாஸ்டிக் ஸ்பூனை எடுத்துத் தட்டின் மறுமுனையில் இருந்து கப்பை நோக்கி நகர்த்தினார். ஃபிளாஸ்க்கில் இடித்தது. வலது பக்கம் திருப்பினார், டிபன் டப்பாவில் இடித்தது.

“கார்டு பந்தை எடுத்துக்கிட்டு உள்ள வரணும். எந்தப் பக்கம் வருவான்?”

“ஸ்மித் வெளிய வந்து நிப்பாரு.”

“வெளிய வந்தா சும்மா நிப்பானா? ஷூட் பண்ணுவான். அதான் என் பயமே.”

அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. ஸ்மித்துக்கு வெளியிலிருந்து வீசும் கை சுத்தமில்லை; ஆசை மட்டும் நிறைய. 2009-10இல் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே இருந்து வருடம் முழுக்க ஏழே ஏழு முறைதான் வீசினார், ஏழும் உள்ளே போகவில்லை. ஆனால் அந்த ஆசையை அடக்கிக்கொண்டு உள்ளே நின்ற அதே வருடத்தில்தான் அவருடைய மொத்த ஷாட்களில் பாதிக்கு மேல் விழுந்தன. இந்த எண்ணும் என் தாளில் இருந்தது. எனக்குச் சாதகமாக இல்லாததால் நான் அதை வாசிக்கவில்லை.

இதில் வெட்கப்பட வேண்டிய விஷயம், ரிங்குக்குக் கீழே நிற்கும் உயிரைப் பற்றி எனக்குத் தெரியும் என்பதுதான். பள்ளியில் நான் நெட்டையன். பி.டி. சார் என்னை ரிங்குக்குக் கீழே நிறுத்திவிட்டு, “இங்கயே நில்லு. வெளிய வந்த, காலை ஒடிச்சிருவேன்” என்பார். மண்டல ஆட்டம் ஒன்றில் இன்னொரு நெட்டையனையும் சேர்த்து இறக்கினார். நாங்கள் இருவரும் எதிரணிக்குக் கொடுத்த தொல்லையைவிட ஒருவருக்கொருவர் கொடுத்த தொல்லைதான் அதிகம். ஒரே ரீபவுண்டுக்கு இருவரும் எகிறி, என் முழங்கை பட்டு அவன் பல் ஆடியது. இருந்தும் மிச்சிகனில் உட்கார்ந்துகொண்டு மூன்றாவது நெட்டையனுக்கு வக்காலத்து வாங்கினேன்.

என் வாதம் இதுதான்: திறமைசாலி கையில் கிடைக்கும்போது விடக்கூடாது. முதலில் எடு. இடம் பத்தவில்லை என்றால் அப்புறம் மன்ரோவைக் கொடுத்து ஒரு ஷூட்டரை வாங்கு. ஆபீஸில் பழகிய வாதம். எல்லா மேனேஜர்களும் இப்படித்தான் பேசுவார்கள். அந்த ‘அப்புறம்’ வருவதை நான் பார்த்ததில்லை.

எங்களோடு உட்கார்ந்து சாப்பிடும் திருச்சிக்கார அண்ணன் ஒருவர் இருந்தார். கூடைப்பந்து பற்றி ஒன்றும் தெரியாது, கிரிக்கெட் மட்டும்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “ஏன் தம்பி, மூணு விக்கெட் கீப்பரை டீம்ல எடுத்து ஒருத்தனை பாயிண்ட்ல நிறுத்துற மாதிரியா?” என்றார். நான் கோபப்பட்டது நினைவிருக்கிறது.

அந்த வாரமே முடிவாகிவிட்டது. நான்கு வருடம், 5 கோடியே 40 லட்சம் டாலர். வருடத்துக்குச் சராசரி 1 கோடியே 35 லட்சம். அணியின் மொத்தச் சம்பள வரம்பே 5 கோடியே 87 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு என்றால், கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு ஒருவருக்கு. நான் அன்று மேசைக்கு இனிப்பு வாங்கிப் போனேன். டெக்னீஷியன் இரண்டு எடுத்துக்கொண்டார்.

அந்த வருடம் இலையுதிர் காலத்தில் எங்கள் துறைக்கு ஓர் ஆள் எடுக்க அனுமதி வந்தது. ரிக்கில் நிற்க, வாடிக்கையாளரோடு பேச ஆள் வேண்டும் என்று நாங்கள்தான் கேட்டிருந்தோம். கணினியில் சிமுலேஷன் செய்ய ஏற்கெனவே இருவர், அதில் நான் ஒருவன். நேர்முகத்துக்கு வந்தவர்களில் ஒருவர் அசாத்திய சிமுலேஷன்காரர். நான் காட்டிய என்னுடைய மாடலிலேயே, ஓர் இடத்தில் போல்ட்டை நான் தவறாகக் கட்டியிருப்பதைப் பத்து நிமிடத்தில் பிடித்துவிட்டார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. மதிப்பெண் தாளில் எல்லாக் கட்டத்திலும் ஐந்துக்கு ஐந்து போட்டேன்.

“ஆள் பிரமாதம்தான். ரிக்ல யாரு நிப்பா?” என்று திருச்சி அண்ணன் கேட்டார்.

“கத்துக்குவாருண்ணே.”

எடுத்தோம்.

இரண்டும் ஒன்று என்று அப்போது எனக்கு உறைக்கவே இல்லை. ஜனவரியில் பேலஸ் அரங்கத்துக்கு ஆட்டம் பார்க்கப் போனேன். மேல் வரிசைகள் காலி. இடது ஓரத்தில், கோட்டுக்கு வெளியே, ஸ்மித் கையில் பந்து. அவரை மறிக்க ஆளே வரவில்லை. எதிரணி ஆட்டக்காரர் இரண்டடி பின்னால் போய், ‘போடு ராஜா போடு’ என்பதுபோல் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். ஸ்மித் பந்தைத் தலைக்கு மேல் தூக்கியதும், பின்வரிசையில் இருந்து ஒரு முனகல் கிளம்பியது. பந்து கையை விட்டுப் போவதற்கு முன்பே. சொந்த ஊர்க்காரர்களே முனகும் அந்தச் சத்தத்தை ஒரு மனிதன் வருடம் முழுக்க எப்படிக் கேட்டுக்கொண்டு ஆடினான் என்று இப்போது யோசிக்கிறேன். அந்தப் பருவம் அவர் வெளியிலிருந்து வீசியதில் நூற்றுக்கு 26தான் விழுந்தது.

பயிற்சியாளர் மாரிஸ் சீக்ஸை பிப்ரவரியில் அனுப்பினார்கள். அணியைக் கட்டிய ஜோ டூமர்ஸ் ஏப்ரலில் விலகினார். 2004 கோப்பையும் அவர் கட்டியதுதான் என்பதால் அவரைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது. பருவம் முடிந்தபோது கணக்கு: 29 வெற்றி, 53 தோல்வி. முந்தைய வருடமும் 29 வெற்றி, 53 தோல்வி. ஓர் எண் மாறவில்லை. டெக்னீஷியன் இதை ஒரு மஞ்சள் சீட்டில் எழுதி என் மானிட்டரில் ஒட்டினார்.

எங்கள் புதியவர் கதைக்கு வருகிறேன். ரிக்கில் ஹைட்ராலிக் பம்ப் ஓடும் சத்தம் காதைக் கிழிக்கும். அவர் காதடைப்பானை மாட்டிக்கொண்டு, கையில் கிளிப்போர்டோடு, யாருக்கோ காத்திருப்பவர்போல் நிற்பார். ஒன்றும் இல்லாத நேரத்தில் டிரேயில் கிடக்கும் போல்ட்டுகளை அளவுவாரியாக அடுக்குவார். வாடிக்கையாளர் போனில் “பாஸா, ஃபெயிலா?” என்று கேட்டால், கால் மணி நேரம் விளக்குவார். சொல்வது அத்தனையும் சரி. அவர்களுக்கு வேண்டியது ஒரு சொல்.

ஒருமுறை, பாகம் எவ்வளவு நீள்கிறது என்று அளக்கும் ஸ்ட்ரெய்ன் கேஜ் ஒன்றைத் தப்பான பக்கம் ஒட்டிவிட்டார். கட்டைவிரல் நகத்தைவிடச் சின்னது, ஒட்டிக் காய்ந்தபின் பார்த்தால் தெரியாது. மூன்று இரவு ஓடிய சோதனை வீண். டெக்னீஷியன் யாருக்கும் சொல்லாமல் அதைச் சுரண்டி எடுத்து, அசிட்டோனில் துடைத்து, புதிதாக ஒட்டிக் கொடுத்தார். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அந்த மனிதரின் முகத்தை நான் பார்த்தேன். என் மாடலில் பிழை பிடித்த முகமா அது என்று இருந்தது. சிமுலேஷன் வேலையை அவருக்குக் கொடுத்துவிட்டு நான் ரிக்குக்குப் போகிறேன் என்று மேனேஜரிடம் சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. என் நாற்காலி எனக்குப் பிடித்திருந்தது.

பதினோராவது மாதம் அவர் போய்விட்டார். கடைசி நாள், மேசையைக் காலி செய்துகொண்டே, கோபமே இல்லாமல் கேட்டார்: “என்னை எதுக்கு எடுத்தீங்க?”

“இன்டர்வியூல அவ்வளவு நல்லா பண்ணீங்க” என்றேன்.

சிரித்தார்.

2014 டிசம்பர் 22, திங்கட்கிழமை. பிஸ்டன்ஸ் 5 வெற்றி, 23 தோல்வி என்று கிடந்தபோது, புதிதாகப் பயிற்சியாளர் பொறுப்பேற்றிருந்த ஸ்டான் வான் கண்டி, ஸ்மித்தைச் சும்மாவே வெளியே விட்டார். பரிமாற்றம் இல்லை, பதில் ஆள் இல்லை. மீதமிருந்த இரண்டு வருடச் சம்பளத்தை ஐந்து வருடத்துக்குப் பரப்பித் தருகிற விதி ஒன்று உண்டு. அதன்படி வருடத்துக்குச் சுமார் 54 லட்சம் டாலர், 2020வரை. ஆடாத மனிதருக்கு. அதன் பிறகு அணி வரிசையாக ஏழு ஆட்டம் ஜெயித்தது. அதில் ஒன்று நடப்புச் சாம்பியன் சான் அன்டோனியோவை அவர்கள் ஊரிலேயே. ஸ்பூனுக்கு வழி கிடைத்துவிட்டது. (சந்தோஷம் நிலைக்கவில்லை. ஜனவரி கடைசியில் கார்டு ஜென்னிங்ஸுக்குக் குதிகால் நாண் அறுந்தது. 32 வெற்றியோடு முடித்தார்கள்.)

மேசையில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் டப்பாவைத் திறந்து தயிர் சாதத்தைப் பிசைந்தேன்.

ஸ்மித் ஹூஸ்டனுக்குப் போனார். 2015 மே 14, பிளேஆஃபில் கிளிப்பர்ஸோடு ஏழு ஆட்டத் தொடரின் ஆறாவது ஆட்டம். தோற்றால் ஹூஸ்டனுக்குப் பருவம் முடிந்தது. மூன்றாவது கால்பகுதியில் 19 புள்ளி பின்தங்கியிருந்தார்கள். நான்காவது கால்பகுதியில் அணியின் பெரிய நட்சத்திரம் ஜேம்ஸ் ஹார்டன் பெஞ்சில் உட்கார்ந்திருக்க, ஸ்மித் மட்டும் 14 புள்ளி அடித்தார். அதில் சில வெளியிலிருந்து. எந்த ஷாட்டுக்கு பேலஸில் முனகினார்களோ, அதே ஷாட். ஜெயித்து, ஏழாவது ஆட்டத்தையும் ஜெயித்துவிட்டார்கள்.

இரவு முழுக்கத் தூங்காமல் பார்த்துவிட்டு, மறுநாள் மதியம் நேரே டெக்னீஷியனிடம் போய் நின்றேன்.

“பாத்தீங்களா? வெளியிலிருந்து வீசத் தெரியாதுன்னு சொன்னீங்களே!”

அவர் நிதானமாக சாண்ட்விச்சைக் கீழே வைத்தார். தட்டை இழுத்தார். ஓரத்தில் பேப்பர் கப். கப்புக்குப் பக்கத்தில் ஃபிளாஸ்க். “ஹவார்ட்.” ஹூஸ்டனின் நெட்டையன். அவ்வளவுதான், கீழே வேறு யாரும் இல்லை. என் டிபன் டப்பாவை வாங்கி, தட்டின் மறு ஓரத்தில், தாராளமாக இடம் விட்டு வைத்தார். மிளகு டப்பாவைத் தேடினேன். அதை அவர் ஏற்கெனவே பக்கத்து மேசைக்குத் தள்ளிவிட்டிருந்தார்.

“இன்னைக்கு என்ன கொண்டுவந்திருக்க?” என்று மூடியைத் தட்டினார்.

“புளியோதரை.”

“கொஞ்சம் வை” என்று ஸ்பூனை நீட்டினார்.