1970-இல் கார்ட்டூன் பார்த்தவர்கள்

போன செவ்வாய்க்கிழமை எங்கள் வீட்டில் யாரோ 1970ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் தேதி காலை ஐந்தரை மணிக்குக் கார்ட்டூன் பார்த்திருக்கிறார்கள். நான் சொல்லவில்லை, ரவுட்டர் தானே எழுதிவைக்கிற பதிவேடான லாக் சொல்கிறது. டிவியின் மேக் முகவரி (நெட்டில் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் உள்ள அடையாள எண்), யூடியூப் பக்கம் போய்வந்த போக்குவரத்து, எல்லாம் அச்சு அசலாகப் பதிவாகியிருக்கிறது. தேதி மட்டும் அரை நூற்றாண்டுக்கும் மேல் பின்னால் நிற்கிறது.

சென்னைத் தொலைக்காட்சி நிலையமே 1975 ஆகஸ்ட் 15-இல்தான் தொடங்கியது. ஆக, மதராஸுக்கு டிவி வருவதற்கு ஐந்தரை வருடம் முன்பே என் பிள்ளைகள் உட்கார்ந்து டிவி பார்த்திருக்கிறார்கள். பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் நிஜக் கணக்கில் அது ராத்திரி எட்டேகால் மணி. எட்டு மணிக்கு மேல் டிவிக்கு இன்டர்நெட் கிடையாது என்று நான் ரவுட்டரில் விதி எழுதிவைத்திருக்கிற வீடு இது.

அந்த விதி வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். அதற்கு முன்பு வீட்டம்மாவின் விதி அமலில் இருந்தது. எட்டு மணியானால் ரிமோட்டை அரிசி டிரம்முக்குள் புதைத்துவிடுவார். பிள்ளைகள் அடங்கினார்கள், தாத்தா அடங்கவில்லை. காலை ஐந்தரைக்குக் கோயில் நேரலை பார்க்கிற மனிதர் இருட்டில் டிரம்மைத் துழாவ, நாங்கள் எழுந்து வரும்போது சமையலறையிலிருந்து ஹால்வரை அரிசி கோலம் போட்டிருக்கும். ஒரு நாள் ரிமோட்டின் பேட்டரி மூடி குக்கருக்குள் போயிற்று. அது வேண்டாம், நாகரிகமாகச் செய்வோம் என்று சொல்லித்தான் ரவுட்டரில் கை வைத்தேன். ராத்திரி எட்டு முதல் காலை ஐந்துவரை டிவிக்குத் தடை. தாத்தாவின் ஐந்தரை மணி பக்திக்கு இடைஞ்சல் இல்லை. சத்தம் இல்லை, அழுகை இல்லை, குக்கரில் பிளாஸ்டிக் இல்லை. ‘நெட் போயிடுச்சு’ என்று முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு சொன்னால் போதும். இவ்வளவு சுலபமான பொய்யை எந்தத் தலைமுறைத் தகப்பனுக்கும் கடவுள் கொடுத்ததில்லை.

லாக்கைப் பார்த்ததும் முதலில் எனக்கு வந்த சந்தேகம், யாரோ வெளியிலிருந்து உள்ளே புகுந்துவிட்டான் என்பது. உடனே நெட் கம்பெனிக்குப் போன் போட்டேன். பாட்டெல்லாம் ஓடி முடிந்து ஒரு தம்பி வந்தார். என் டிவி 1970-இல் இருக்கிறது என்று விளக்கினேன். அவர் பதறவே இல்லை. “சார், ரவுட்டரை ஆஃப் பண்ணி முப்பது செகண்ட் கழிச்சு ஆன் பண்ணுங்க சார்” என்றார். மழை பெய்தால் நெட் வராது, அதற்கும் இதைத்தான் சொன்னார்கள். பில் இரண்டு தடவை வந்தது, அதற்கும் இதுதான். ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவது என் வழக்கம். ஹாலில் பெரியவள் ஹோம்வொர்க் எழுதிக்கொண்டிருப்பாள். எல்லா நாளும் கேட்டிருப்பாள்.

அன்று ராத்திரி ஒரு மணிவரை லேப்டாப்போடு உட்கார்ந்து பாக்கெட் பாக்கெட்டாகப் பிரித்து மேய்ந்தேன். தண்ணீர் குடிக்க எழுந்து வந்த வீட்டம்மா கொஞ்ச நேரம் பின்னால் நின்று பார்த்தார்.

“ஏங்க, யார் டிவி பார்த்தாங்கன்னு தெரியணும்னா பிள்ளைங்களையே கேட்கலாமே?”

கேட்டால் சொல்லிவிடுவார்கள். அப்புறம் இந்தப் படிப்பு படித்ததற்கு என்ன அர்த்தம்?

மறுநாள் சாயங்காலம் பெட்ரூமில் லாக்கை ஓடவிட்டுக் காத்திருந்தேன். எட்டு மணிக்கு விதி விழுந்தது. டிவி சுற்றிச் சுற்றி ஓய்ந்தது. ஹாலில் அழுகை இல்லை, முணுமுணுப்புகூட இல்லை. இரண்டு பிள்ளைகள் இருக்கிற வீட்டில் சத்தம் இல்லையென்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. சற்று நேரத்தில் லேப்டாப்பில் வைஃபை செத்தது. இருட்டுப் பக்கத்திலிருந்து ஒரு சின்னக் குரல் மட்டும் சீராக வந்துகொண்டிருந்தது.

“ட்வென்ட்டி எய்ட்… ட்வென்ட்டி நைன்… ட்வென்ட்டி டென்… ட்வென்ட்டி லெவன்…”

செருப்பு ஸ்டாண்டுக்கும் சுவருக்கும் நடுவே, ரவுட்டரின் சுவிட்ச் இருக்கிற இடுக்கில் சின்னவன் குந்தியிருந்தான். காலில் என் ரப்பர் செருப்பு, அவன் பாதத்துக்குப் பின்னால் இன்னொரு பாதம் வைக்கிற அளவு இடம் மிச்சம். கையில் அக்காவின் பிளாஸ்டிக் ஸ்கேல். சுவிட்சைக் கையால் தொடக்கூடாது என்று தாத்தா சொல்லியிருக்கிறார், சொல்பேச்சு கேட்கிற பிள்ளை, ஸ்கேல் நுனியால்தான் தொடுகிறான். என்னைப் பார்த்தான். பயந்து ஓடவில்லை. விரலை உதட்டில் வைத்து, “இருப்பா, எண்ணிட்டிருக்கேன்” என்று சொல்லிவிட்டு மறுபடி ட்வென்ட்டி ட்வெல்வ்-இலிருந்து தொடர்ந்தான். சோபாவில் பெரியவள் ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு எதிர்ச்சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். திட்டம் அவளுடையது, கூலி ஆள் இவன். ஒரு எபிசோடுக்கு ஒரு ஜெம்ஸ் மிட்டாய் என்று பின்னால் தெரியவந்தது. அதிலும் பச்சை நிறம் மட்டும்தானாம், அவளுக்குப் பச்சை பிடிக்காது.

விசாரணை நீண்ட நேரம் நடக்கவில்லை. அவள் மறைக்கவே இல்லை.

“கரண்ட் போயிட்டு வந்தா டிவில நெட் வருதுப்பா. எட்டு மணிக்கு மேலகூட வருது. அன்னிக்கு மழைல பார்த்தோம்.”

“சரி.”

“தினமும் கரண்ட் போகாதுல்ல. அதனால நாமளே போக வைக்கணும்.”

இரண்டாம் வகுப்பு. ஆபீஸில் இதே முடிவுக்கு வர எங்களுக்கு மூன்று மீட்டிங், ஒரு பிரசன்டேஷன் ஆகும்.

நடந்தது இதுதான். ரவுட்டருக்குள் கடிகாரத்துக்கென்று பேட்டரி கிடையாது. கரண்ட் போய் வந்தால் அது கண் விழிக்கும்போது இன்றைக்கு என்ன தேதி என்று அதற்குத் தெரியாது. யூனிக்ஸ் வழியில் வந்த இயந்திரங்களுக்கு நேரம் என்றால் 1970 ஜனவரி 1-இலிருந்து எத்தனை நொடி ஆயிற்று என்ற கணக்குதான். கணக்கு பூஜ்யமானால் அந்த நாளுக்கே போய் நின்றுவிடும். கிரீன்விச்சில் அது நள்ளிரவு, நமக்குக் காலை ஐந்தரை. இன்டர்நெட்டில் யாரையாவது கேட்டுச் சரியான நேரத்தைத் தெரிந்துகொள்ளும்வரை ரவுட்டர் அங்கேயேதான் இருக்கும். எங்கள் வீட்டில் அது கேட்க வேண்டுமானால், இணையத்தில் யார் எங்கே என்று முகவரி சொல்ல நான் வைத்திருக்கிற ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினி எழுந்திருக்க வேண்டும். பையும் அதே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில்தான் இருக்கிறது, பழைய மெமரி கார்டு, சோம்பல் முறித்து எழுவதற்குள் ரவுட்டர் ஒரு தடவை கேட்டுப் பார்த்துவிட்டு, அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிடும். டிவியோ பையை மதிப்பதே இல்லை, அது தன் வழியில் நேராக வெளியே போய்விடும். அந்த இடைவெளியில் இரண்டு எபிசோட் தாராளமாக அடங்கும்.

இதில் என்ன அழகு பாருங்கள். எட்டு முதல் ஐந்துவரை தடை. ரவுட்டர் கண் விழிக்கிற நேரம் ஐந்தரை. தாத்தாவின் பக்திக்கென்று நான் திறந்துவைத்த கதவு வழியாகத்தான் பிள்ளைகள் இரண்டும் நுழைந்திருக்கின்றன. காலண்டரில் தேடிப் பார்த்தேன், 1970 ஜனவரி 1 வியாழக்கிழமை. மார்கழி மாதம் வேறு. மார்கழி வியாழன் விடியற்காலையில் எங்கள் வீட்டில் நீலப் பூனை ஒன்று எலியைத் துரத்திக்கொண்டு ஓடியிருக்கிறது.

சாப்பிடும்போது இதையெல்லாம் உற்சாகமாக விளக்கினேன். அத்தோடு விட்டிருக்கலாம், 2038-க்கும் போனேன். 32 பிட்டில் நொடி எண்ணுகிற பழைய இயந்திரங்களுக்கு 2038 ஜனவரி 19 அன்று நம்மூர் நேரப்படி காலை 8:44-க்குக் கணக்கு நிரம்பி வழிந்துவிடும், உடனே 1901 டிசம்பருக்குப் போய்விடும், இந்த ரவுட்டர் அதுவரை இருந்தால் நம் வீட்டில் வெள்ளைக்காரன் ஆட்சிதான் என்றேன்.

“தோசை ஆறுது” என்றார் வீட்டம்மா.

தாத்தா மட்டும் தோசையைக் கையில் வைத்தபடி யோசித்துக்கொண்டிருந்தார்.

“எழுபது ஜனவரியா? மார்கழி, காலைல ஐந்தரையா?”

“ஆமாப்பா.”

“அப்போ நான் பஜனைல இருந்திருப்பேன்டா.”

அவ்வளவுதான், பிள்ளைகள் இரண்டும் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப்போட்டுக்கொண்டன. அப்பாவுக்கு அப்போது பத்து வயது. மன்னார்குடிப் பக்கத்துக் கிராமம். மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் மாறி ஒரு வருடம்கூட முடியாத நேரம். குளத்தில் ஒரே முங்கு முங்கி, பல் கிட்டித்துக்கொண்டு தெரு நாலும் சுற்றிவருவார்களாம். பெட்ரோமாக்ஸ் தூக்க ஒருவன், ஜால்ரா அடிக்க ஒருவன். ஜால்ராவுக்கு அடிதடியே நடக்குமாம். பாட்டில் ஒரு வரியும் தெரியாது, எல்லோரும் வருவது கடைசியில் மந்தார இலையில் கிடைக்கிற பொங்கலுக்குத்தான். இலை சூட்டில் வதங்கி ஒரு வாசனை வரும் பார் என்று சொல்லும்போது கையில் இலை இருப்பதுபோலவே உள்ளங்கையைக் குவித்துக்கொண்டார். பாதியைத் தின்றுவிட்டு மீதியை மடித்து அவருடைய அம்மாவுக்குக் கொண்டுபோவாராம். அவர்கள் வாசலிலேயே நிற்பார்கள். பொங்கலை அப்புறம்தான் வாங்குவார்கள், முதலில் முந்தானையால் இவர் தலையைத் துவட்டிவிட்டு, “ஏன்டா, காது இப்படிச் சில்லிட்டுக் கிடக்கு” என்று இரண்டு காதையும் பொத்திக்கொள்வார்களாம்.

சின்னவன் தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

நான் இந்தக் கதையைக் கேட்டதே இல்லை. ஜால்ரா, காது, எதுவும். நான் சின்னவனாக இருந்தபோது ராத்திரி எட்டு மணிக்கு எங்கள் வீட்டில் டிவி ஓடும். செய்தி முடியும்வரை அப்பா பக்கத்தில் யாரும் மூச்சு விடக்கூடாது.

சரி, நல்ல விஷயம்தானே என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அன்று ராத்திரி அப்படித்தான் நினைத்தேன். அன்றிலிருந்து தினமும் எட்டு மணியானால் பிள்ளைகள் டிவி பக்கம் திரும்புவதில்லை, நேராகத் தாத்தா கட்டிலுக்கு ஏறிவிடுகிறார்கள். தாத்தாவுக்கு நிறுத்தத் தெரியவில்லை. கார்ட்டூன் ஏழு நிமிடத்தில் முடியும். தாத்தா ஜால்ரா சண்டைக்கு வருவதற்கே முக்கால் மணி நேரம் எடுத்துக்கொள்கிறார். நடுவில் பெட்ரோமாக்ஸ் மேன்டில் எப்படிக் கட்டுவது என்று கிளை பிரிகிறார். முந்தாநாள் பதினொன்றுக்கு விளக்கு அணைந்தது. காலையில் ஸ்கூல் வேன் ஹார்ன் அடித்து அடித்து, மாடி வீட்டு அங்கிள் எட்டிப் பார்த்துத் திட்டி, கடைசியில் நான்தான் பைக்கில் கொண்டுபோய் விட்டேன். சின்னவன் வகுப்பில் ரைம்ஸ் சொல்லச் சொன்னால் பஜனை வேண்டும் என்கிறானாம், டைரியில் சிவப்பு மையில் எழுதி வந்திருக்கிறது. “மாமா, சீக்கிரம் முடிங்க” என்று வீட்டம்மா கதவருகே நின்று சொல்லிப் பார்த்தார். “இதோம்மா, பொங்கல் வந்தாச்சு” என்றார் அப்பா. பொங்கல் வந்தது பத்து ஐம்பதுக்கு.

இதற்கு ரவுட்டரில் ஒரு விதியும் எழுத முடியாது. தாத்தாவுக்கு மேக் முகவரி கிடையாது. ஆனாலும் கடமையைச் செய்யாமல் விடவில்லை. ரவுட்டருக்கென்று ஒரு குட்டி யூபிஎஸ் ஆர்டர் செய்திருக்கிறேன். அது வந்தால் சுவரில் சுவிட்சை அணைத்தாலும் ரவுட்டர் தூங்காது, 1970-க்கும் போகாது.

அது இன்னும் வந்துசேரவில்லை. நேற்று எட்டேகாலுக்கு உள்ளே தாத்தா குளத்தில் முங்கிக்கொண்டிருந்தார். லேப்டாப்பில் வைஃபை போயிற்று. பிள்ளைகள் இரண்டும் கட்டிலில்தான் இருந்தன, எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். பிறகு ஹாலுக்குப் போனேன். செருப்பு ஸ்டாண்ட் பக்கத்தில் வீட்டம்மா குனிந்து நின்றுகொண்டிருந்தார், கையில் அதே பிளாஸ்டிக் ஸ்கேல்.

“ஏங்க, முப்பது எண்ணியே ஆகணுமா, இல்ல அப்படியே போட்டுடலாமா?”