கோடிக்குழகரைத் தேடி வந்த சேர மன்னர்

வேதாரண்யத்துக்கு வருகிறவர்களில் பலர் மறைக்காட்டு ஈசரைக் கும்பிட்டுவிட்டு அப்படியே ஊர் திரும்பிவிடுகிறார்கள். அப்பர் பாடிக் கதவு திறந்ததும் சம்பந்தர் பாடி அடைத்ததும் அங்கேதான். யாழைப் பழித்த மொழியாள் என்ற அம்மையையும் பார்த்துவிட்டால் மனம் நிறைந்துவிடும். ஆனால் அங்கிருந்து தெற்கே சுமார் 10 கிலோமீட்டரில், கடலும் காடும் சேருகிற கோடியக்கரையில், கோடிக்குழகர் என்ற பெயரில் சிவன் இருக்கிறார். சுந்தரரோடு ஒரு சேர மன்னர் வந்து நின்ற சன்னதி அது.

போகிற வழியில் அகத்தியான்பள்ளி. 1930-இல் ராஜாஜி தொண்டர்களோடு உப்பெடுத்த மண். பஸ் ஜன்னல் வழியே உப்பளங்கள் வெள்ளை வெள்ளையாகப் போகும். அப்புறம் காடு. வெளிமான்கள் மேயும் சரணாலயம் இந்தப் பக்கம்தான்.

வந்த மன்னர் சேரமான் பெருமாள் நாயனார். கொடுங்கோளூரில் இருந்து ஆண்டவர். பட்டம் சூடிக்கொண்டு யானைமேல் வலம் வரும்போது, உடம்பெல்லாம் உவர்மண் வெளுத்த ஒரு வண்ணாரைப் பார்த்து, திருநீறு பூசிய அடியாரின் கோலம் என்று இறங்கி வணங்கியவர். வண்ணார் பதறிப்போய் "அடியேன் அடிவண்ணான்" என்றால், மன்னர் "அடியேன் அடிச்சேரன்" என்றாராம். அன்றாடம் பூசை முடிவில் ஆடல்வல்லானின் சிலம்பொலி கேட்கும் பேறு அவருக்கு இருந்தது. ஒருநாள் அது கேட்கத் தாமதமாயிற்று. தில்லையில் சுந்தரர் பாடிய பாட்டில் இறைவன் லயித்துவிட்டார் என்று தெரிந்தது. சரி, அப்படிப் பாடுகிறவரைப் பார்த்தே ஆகவேண்டும் என்று புறப்பட்டு, தில்லையைத் தரிசித்துத் திருவாரூருக்கு வந்துவிட்டார். நட்பு அங்கே பிறந்தது. பிறகு இருவரும் சேர்ந்து தென்திசைத் தலங்களுக்குக் கிளம்பினார்கள். அந்த வழியில்தான் மறைக்காடும் கோடிக்கரையும் வந்தன.

இங்கே சுந்தரர் பார்த்தது என்ன என்பதைப் பதிகமே சொல்கிறது. "கடிதாய்க் கடற்காற்று வந்து எற்றக் கரைமேல்" சுவாமி தனியாக இருக்கிறார். பக்கத்தில் குடி ஒன்று இருந்தால் குற்றமா என்று கேட்கிறார். "உமக்கு ஆர் துணையாக இருந்தீரே" என்று உருகுகிறார். கடைக்குட்டிப் பிள்ளை அப்பாவைப் பற்றிக் கவலைப்படுகிற குரல் அது. பொந்துகளில் ஆந்தையும் கூகையும் குழறுகின்றன, அம்மை அஞ்சமாட்டாளா, அக்கம்பக்கத்து வேடர்களும் பொல்லாதவர்களாயிற்றே என்றெல்லாம் வரிக்கு வரி ஆதங்கம். குடியே இல்லாத கரையில் ஒரு மன்னர் வருவார் என்று யார் எதிர்பார்த்திருக்க முடியும்? மாலை எடுத்து நிற்கவும் ஆளில்லை.

இந்த இடத்தில் என் மனம் சேரமானிடமே போய் நிற்கிறது. அவருக்குக் கழறிற்றறிவார் என்று இன்னொரு பெயர் உண்டு. எந்த உயிர் எதைப் பேசினாலும் அது விளங்கும் வரத்தை இறைவனிடம் பெற்றவர். நண்பர் ஆந்தையின் குழறலைக் கேட்டு அம்மைக்காகப் பயப்படுகிறார். பக்கத்தில் நிற்பவருக்கோ அந்த ஆந்தைகள் சொல்வது அத்தனையும் புரியும். பெரியபுராணத்தில் சேக்கிழார் இதைப் பாடவில்லை; எனக்குத் தோன்றுவதுதான். அந்தப் பறவைகளும் "சிவ சிவ" என்றுதான் சொல்லியிருக்கும், சேரமான் அதைக் கேட்டு நெகிழ்ந்து நின்றிருப்பார் என்று நம்புகிறேன். கடற்காற்றும் அவருக்குப் புதிதல்ல. அவருடைய அஞ்சைக்களத்து அப்பனும் கடலங்கரை மகோதையில், அதாவது கொடுங்கோளூரில், இருப்பவர்தானே.

இன்றைக்குக் கோயிலில் அந்தத் தனிமை ஓரளவு மிச்சமிருக்கிறது. நான் போன காலை நேரத்தில் குருக்களும் ஒரு குடும்பமும்தான். சுவாமிக்கு அமிர்தகடேசுவரர் என்றும் பெயர். அம்மை மைத்தடங்கண்ணி, "மையார் தடங்கண்ணி" என்று பதிகத்திலேயே இருக்கிறாள். இங்குள்ள முருகன் ஒரு முகமும் ஆறு கைகளுமாக, ஒரு கையில் அமுத கலசம் ஏந்தி நிற்கிறார். அவரைப் பார்க்காமல் வந்துவிடாதீர்கள். ஆடி, தை அமாவாசைகளில் மட்டும் கோடியக்கரைக் கடலில் நீராட ஏராளமானோர் வருவார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் இந்தப் பக்கத்துக் காட்டைச் சாய்த்துப் போட்டதை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு கலங்குகிறது.

இங்கிருந்து இருவரும் பாண்டிநாடு போனார்கள். மதுரையில் பாண்டியரும், அவர் மகளை மணந்திருந்த சோழரும் எதிர்கொண்டு அழைத்தார்கள். மூவேந்தரும் சுந்தரரோடு சேர்ந்து சொக்கரைக் கும்பிட்ட அந்தக் காட்சி பெரியதுதான். எனக்கு ஏனோ யாரும் வரவேற்க வராத இந்தக் கோடிக்கரைதான் அதைவிட நெருக்கமாக இருக்கிறது.

மறைக்காட்டுத் தரிசனம் முடிந்ததும் தெற்கே போகிற பஸ்ஸில் ஏறுங்கள். நடை சாத்துவதற்குள் போய்ச் சேரக் காலையிலேயே கிளம்புவது நல்லது. ஏழாம் திருமுறையின் 32-ஆம் பதிகத்தைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். பத்துப் பாட்டையும் சன்னதியில் பாடிவிட்டு, குழகருக்குத் துணையாகக் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.