கூப்பு டெண்டரில் ரேட் எழுதுவதற்கு முன்

கேரளாவில் தென்மலைப் பக்கம் தேக்குக் கூப்பு, அதாவது மரம் வெட்டுவதற்கென்று காட்டில் குறித்துக் கொடுக்கும் பகுதி, டெண்டருக்கு வந்தால் போதும், புளியரையிலிருந்தும் செங்கோட்டையிலிருந்தும் எனக்கு ஃபோன் வந்துவிடும். "அண்ணே, என்னென்ன பேப்பர் வைக்கணும், ரேட் எவ்வளவு போடலாம்?" இந்த இரண்டு கேள்விதான்.

பேப்பர் சுலபம். பான், ஜிஎஸ்டி, இதே வேலையை முன்பு செய்ததற்குச் சான்று, டெண்டரோடு கட்டும் முன்பணமான ஏர்னஸ்ட் மணி, வேலை கிடைத்தால் செக்யூரிட்டி டெபாசிட், ஒப்பந்தப் பத்திரம். அறிவிப்பில் கேட்டதை ஒன்று விடாமல் வையுங்கள், அவ்வளவுதான்.

ரேட்டை மட்டும் ஃபோனில் சொல்ல முடியாது. அது இந்த வேலையைச் செய்ய நமக்குக் கன மீட்டருக்கு இவ்வளவு வேண்டும் என்று போடுவது. வெட்டி, துண்டு போட்டு, ரோட்டுக்கு இழுத்து, ஏற்றி, மர டிப்போவில் இறக்கி அடுக்குகிற வரைக்கும் எல்லாம் அதற்குள் அடக்கம் என்று கண்டிஷனில் இருந்தால், மரம் விழுகிற இடத்துக்கும் லாரி நிற்கிற இடத்துக்கும் நடுவில் எத்தனை ஏற்றம், எத்தனை ஓடை என்று நடந்து பார்க்காமல் எப்படி எழுதுவது? ஜூனில் மழை பிடித்தால் அந்தச் சரிவில் லாரி ஏறாது, ஆனால் ஒப்பந்தத் தேதி ஓடிக்கொண்டே இருக்கும். ஏற்றுகூலியையும் நம்ம ஊர்க் கணக்கில் போடாதீர்கள். கேரளாவில் சுமை ஏற்றி இறக்குகிறவர்களுக்கென்றே 1978-ஆம் வருஷச் சுமட்டுத் தொழிலாளர் சட்டம் இருக்கிறது, அந்த இடத்து ஆட்களிடம் முதலிலேயே பேசிவிட வேண்டும்.

அப்புறம், மரத்தின் பருமன். சுற்றளவை நாலால் வகுத்து, அதை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்குவது கால் சுற்றளவுக் கணக்கு. 120 செ.மீ. சுற்றளவு, 5 மீட்டர் நீளத் தடிக்கு 0.45 கன மீட்டர் வரும். அதே நீளத்தில் 60 செ.மீ. தடி என்றால் 0.1125தான். அதாவது நாலு தடியை வெட்டி இழுத்தால்தான் அந்த ஒரு தடியின் காசு. முதிர்ந்த தோட்டத்தை முழுதாக வெட்டும் கூப்பில் கட்டுப்படியான ரேட்டை இடைமரங்களை மட்டும் வெட்டிக் கலைக்கும் தின்னிங் கூப்புக்கும் அப்படியே எழுதிக் கடனாளி ஆனவர்களை எனக்குத் தெரியும். குறியிட்ட மரங்களின் பட்டியலை வாங்கி சுற்றளவைப் பாருங்கள். அந்தப் பட்டியலுக்கு வெளியே ஒரு மரத்தைக்கூடத் தொடக்கூடாது. 1996-இல் காடுகளைக் காப்பது பற்றிய கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவுக்குப் பிறகு, மத்திய அரசு ஒப்புதல் பெற்ற திட்டப்படி மட்டும்தான் காட்டில் மரம் வெட்ட முடியும்.

இவ்வளவு தூரம் ரேட்டைப் பற்றிச் சொல்ல ஒரு காரணம் உண்டு. ரேட்டைக் குறைத்து எழுதியவன் கடைசியில் கை வைப்பது ஆட்கள் மேல்தான். என் சித்தப்பா ஒரு கூப்பில் மரம் அறுக்கும் வாள் பிடித்தார். நாலு பேர் வேலைக்கு இரண்டு பேர், ஹெல்மெட் கிடையாது, இன்சூரன்ஸ் கிடையாது. சரிவில் சாய்த்த மரம் அடிப்பக்கம் எகிறி அவர் தொடையில் அடித்தது. புனலூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். கண்ட்ராக்டர் ஒரு தடவை வந்து பார்த்தார், பிறகு ஃபோனை எடுக்கவில்லை. வேலையில் அடிபட்டால் வேலை கொடுத்தவர் இழப்பீடு தர வேண்டும் என்று 1923-லேயே சட்டம் வந்துவிட்டது, ஆனால் வேலையாட்களின் பெயர் எழுதும் மஸ்டர் ரோல் எதிலும் சித்தப்பா பெயர் இல்லை. அவர் இன்றைக்கும் கம்பு ஊன்றித்தான் நடக்கிறார்.

அதனால் என்னிடம் கேட்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, எத்தனை ஆள், யார் யார், அவர்கள் பெயரில் இன்சூரன்ஸ் பாலிசி எடுக்கிற காசு ரேட்டுக்குள் இருக்கிறதா என்பதைத்தான். அந்தக் காசைச் சேர்த்ததால் டெண்டர் கை நழுவினால் நழுவட்டும்.

போன வாரம் கூப்பிட்ட தம்பிக்கு: சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு ஆரியங்காவு செக்போஸ்ட் பக்கம் நில், சேர்ந்தே போய்ப் பார்ப்போம். செருப்பு வேண்டாம், ஷூ போட்டு வா. அட்டைப்பூச்சிக்கு உப்பு நான் கொண்டுவருகிறேன், நீ அளக்கிற டேப் மட்டும் எடுத்துக்கொள்.