ஃபியட்டுக்கு ஜிப்ஸி இன்ஜினா?

ஜூன் 8, ஞாயிறு

உசிலம்பட்டி தாண்டி ஆண்டிபட்டிக் கணவாய் ஏற்றத்தில் வண்டி இரண்டாவது கியருக்கு இறங்கிவிட்டது, பின்னால் வந்த டெம்போக்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. நாலு பேர், உச்சி வெயில், 71 மாடல் ஃபியட் 1100 டிலைட். 1089 சிசி, புதிதிலேயே சுமார் 40 குதிரைத்திறன்தான். மேலே நிறுத்தினால் மறுபடி ஸ்டார்ட் ஆகாது, சூட்டில் பம்பிலேயே பெட்ரோல் ஆவியாகிவிடும். பம்பின் மேல் ஈரத்துணியைச் சுற்றிவிட்டு டீ குடித்தோம். "மச்சான், பேசாம மாருதி ஜிப்ஸி ஜீப்போட இன்ஜினைத் தூக்கி வச்சிருங்க, ஒண்ணு விலைக்கு வருது" என்றான் மச்சினன்.

ஜூன் 11, புதன்

அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஜிப்ஸி இன்ஜின் 1298 சிசி, எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டர் இல்லாமல் பெட்ரோலை ஊசிபோல் பீய்ச்சும் வகை) என்றால் 80 குதிரைத்திறன், ஏறக்குறைய இரண்டு மடங்கு. நீளவாக்கில் உட்கார்ந்து பின்சக்கரத்தை ஓட்டுகிற இன்ஜின் என்பதால் ஃபியட்டுக்கு ஒத்தும் வரும். ஆனால் ஸ்டியரிங் பக்கத்தில் இருக்கும் ஹேண்ட் கியர் போய்விடும், ஃப்ளோரை வெட்ட வேண்டும். நாலு சக்கரத்திலும் ட்ரம் பிரேக். 80 குதிரைத்திறனை வைத்துக்கொண்டு அந்த பிரேக்கை நம்பி வாடிப்பட்டி நாலுவழிச் சாலையில் போக எனக்குத் தைரியம் இல்லை. அப்புறம் டிஃபரன்ஷியல் (பின்சக்கரங்களுக்கு நடுவில் இருக்கும் கியர் பெட்டி), ரேடியேட்டர் இரண்டையும் மாற்ற வேண்டும். எல்லாவற்றையும் மாற்றிவிட்டால் ஃபியட் என்று மிஞ்சுவது தகரம் மட்டும்தான்.

ஆர்டிஓ விவகாரம் தனி. கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவை வைத்து 2019-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியாயிற்று. 2021-ல் வந்த விண்டேஜ் விதியிலும், 50 வயது தாண்டிய வண்டி இன்ஜின் மாறாமல் பழையபடியே இருந்தால்தான் விண்டேஜ் வண்டி என்ற பதிவு. அந்தப் பதிவு எனக்கு வேண்டாம் (வாங்கினால் கண்காட்சி, ராலி என்றுதான் எடுக்கலாம், தேனிக்குப் பந்திக்குப் போக முடியாது), இருந்தாலும் அந்த வழியை நானே ஏன் அடைக்க வேண்டும்?

ஜூன் 14, சனி

பழங்காநத்தம் ஒர்க் ஷாப். மெக்கானிக் அண்ணன் நாலு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தம் எவ்வளவு என்று பார்க்க கம்ப்ரஷன் கேஜ் வைத்தார். 125, 120, மூன்றாவதில் 85, கடைசியில் 122. மூன்றாவதின் பிளக் ஓட்டையில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்த்தார். பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் இடைவெளியை அடைத்து இப்போது முள் ஏறும், அசையவில்லை, அப்படியென்றால் வால்வு. பிஸ்டனை உச்சத்தில் நிறுத்தி அதே ஓட்டையில் காற்று பிடித்துவிட்டு, "தம்பி, சைலன்சர்ல கை வச்சுப் பாருங்க" என்றார். உள்ளங்கையில் சன்னமாகக் காற்று முட்டியது. எக்ஸாஸ்ட் வால்வு சரியாக உட்காரவில்லை.

"நாப்பது குதிரையில ஏழெட்டு லீவுல இருக்கு. மொதல்ல அதுகளக் கூப்பிடுவோம், அப்புறம் புதுசு பாக்கலாம்" என்றார். இதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது, வால்வுகள் இருக்கும் மேல்பாகமான ஹெட்டைக் கழற்றச் சொல்லிவிட்டேன்.

ஜூன் 22, ஞாயிறு

லேத்தில் வால்வு கிரைண்டிங் முடிந்து ஹெட் ஏறிவிட்டது. பிளக்கில் பொறி வரவைக்கும் பாயிண்ட் புதுசு, பிரேக்குக்கு வீல் சிலிண்டர் கிட்டும் லைனிங்கும் மாற்றியாயிற்று, செலவில் பாதி பிரேக்குக்குத்தான், அதில் எனக்கு வருத்தமே இல்லை. திருமங்கலம் மேம்பாலத்தில் மூன்றாவது கியரிலேயே ஏறியது. வேகமாக ஏறியது என்று சொல்ல மாட்டேன். 500 கிலோமீட்டர் ஓடியதும் ஹெட் போல்ட்டை மறுபடி டைட் வைக்கக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்.

மச்சினனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அந்த ஜிப்ஸி இன்ஜினை அவனே அட்வான்ஸ் கொடுத்து வாங்கி வைத்திருக்கிறானாம், இனி அவன் பாடு.