அரிப்பை அடக்கிய மாத்திரை, சோதனையையும் அடக்கியது

பதினெட்டு வருடம் கொத்தனாராகக் கரணை பிடித்த கையில் அரிப்பு; அந்தக் கைக்குச் சிமெண்ட் ஆகவில்லை என்று தெரிந்துகொள்ள மூன்று மாதம் அலைந்தேன். முதலில் ஒரு லேப்பில் ரத்தம் எடுத்து 'அலர்ஜி டெஸ்ட்' செய்தார்கள். ஒரு வாரக் கூலி போயிற்று. அது மகரந்தம், இறால் போன்றவற்றுக்கான சோதனையாம். தோலில் பட்டு ஒவ்வாமை தரும் பொருள் அதில் தெரியாது.

இதற்கு ஒட்டுச் சோதனைதான் சரி. திங்களன்று முதுகில் சந்தேகப்படும் பொருள்களை வரிசையாக வைத்து ஒட்டி, புதனன்று பிரித்து, வெள்ளியன்று மறுபடி பார்ப்பார்கள். சித்திரை வெயிலில் முதுகு நனையாமல் ஐந்து நாள் இருந்தேன். வெள்ளியன்று முதுகு ஒரு சிவப்பும் இல்லாமல் பளிங்கு மாதிரி இருந்தது. "ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா?" என்று மருத்துவர் அப்போதுதான் கேட்டார். பையிலிருந்த அட்டையைக் காட்டினேன். மெடிக்கல் கடைக்காரர் அரிப்புக்கென்று கொடுத்தது, ஒரு மாதமாகத் தின்றது. பிரெட்னிசோலோன். ஸ்டீராய்டு!

சிமெண்டிலுள்ள குரோமியம் தோலுக்குள் போய்ப் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். டி செல்கள் என்ற நோய் எதிர்ப்புச் செல்கள் அதை எதிரியென்று நினைவு வைத்து, அடுத்த முறை பட்டால் ஓரிரு நாளில் தோலில் அரிப்பும் சிவப்பும் கிளப்பும். அந்தச் செல்களைத்தான் ஸ்டீராய்டு அமுக்கி வைக்கிறது. இதைத் திங்கட்கிழமை ஒட்டியவர் கேட்டிருக்கக் கூடாதா? சோதனைக்குப் போகிறவர்கள் எல்லா மாத்திரை அட்டைகளையும் கையோடு கொண்டுபோய், கேட்காவிட்டாலும் காட்டுங்கள். ஆனால் ஸ்டீராய்டை நீங்களாகச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். எனக்கு மருத்துவரே படிப்படியாகக் குறைத்தார்.

மாத்திரையை விட்டுச் சில வாரம் கழித்து மறுபடி ஒட்டினார்கள். இந்த முறை வெள்ளிக்கிழமை விடுமுறை இல்லாத வாரமா என்று முன்பே பார்த்துக்கொண்டேன். குரோமியம் உள்ள பொட்டாசியம் டைகுரோமேட் வைத்த இடம் கொப்புளம் கட்டிச் சிவந்திருந்தது. வாழ்நாளில் ஒரு கொப்புளத்தைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டது அன்றுதான்.

ஐரோப்பாவில் 2005 முதல் சிமெண்டில் இந்தக் குரோமியம் பத்து லட்சத்தில் 2 பங்குக்கு மேல் இருக்கக் கூடாதாம். இரும்பு சல்பேட் கலந்து குறைக்கிறார்களாம். அதைக் கேட்டபோது வயிறு எரிந்தது.

கையில் அரிப்பு வந்தது சரி, பாதத்திலும் ஏன் என்று கேட்டேன். மருத்துவர் என் செருப்பைப் பார்த்தார். குரோமியத்தில் பதனிட்ட தோல். சோதனையில் முதுகில் ரப்பர் பொருள்கள் வைத்த கட்டங்கள் சுத்தமாக இருந்ததால், ஆஸ்பத்திரி வாசலிலேயே ரப்பர் செருப்பு வாங்கி மாட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.