கரடித்தோலை விற்றுப் புள்ளி இழந்த கதை

பிரான்சில், பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் படித்த முதல் வருடம். பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்க்கும் தாள் திருத்தி வந்தது. அந்தப் பயிற்சிக்கு இங்கே 'தெம்' என்று பெயர். ஆங்கிலத்திலிருந்து பிரெஞ்சுக்கு என்றால் 'வெர்சியோன்'. இருபதுக்கு எட்டரை. ஒரு வரியின் கீழே மட்டும் சிவப்பு மை இரண்டு தரம் ஓடியிருந்தது. ஓரத்தில் ஒரே ஒரு சொல்: 'கால்க்'. படத்தின் மேல் மெல்லிய தாளை வைத்து, கோட்டின் மேலேயே கோடு இழுத்துப் படியெடுப்பார்களே, அதற்கான சொல். ஒரு மொழியின் சொற்களை அப்படியே இன்னொரு மொழியில் இறக்கி வைத்தாலும் அதே சொல்லைத்தான் எழுதுவார்கள்.

மூல வரி ஒரு பிரெஞ்சுப் பழமொழி: கரடியைக் கொல்லுமுன் அதன் தோலை விற்காதே. நான் கரடியையும் தோலையும் பத்திரமாக ஆங்கிலத்துக்குத் தூக்கிக்கொண்டு போயிருந்தேன். ஆசிரியர் மேலே எழுதியிருந்தது: 'டோன்ட் கவுண்ட் யுவர் சிக்கன்ஸ் பிஃபோர் தே ஹாட்ச்.' முட்டை பொரிக்குமுன் குஞ்சை எண்ணாதே.

இதில் எரிச்சல் என்னவென்றால், பரீட்சைக்கு முதல் கிழமைதான் இடப்பக்கம் பிரெஞ்சு, வலப்பக்கம் ஆங்கிலம் என்று எண்பது பழமொழிகளைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்திருந்தேன். கரடியும் குஞ்சும் அதில் இருந்தன. மண்டபத்தில் உட்கார்ந்தபோது இடப்பக்கம் ஞாபகம் வந்தது, வலப்பக்கம் வரவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் புலம்பினேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர் நிமிராமலே, "இதுக்கென்ன, எருமை வாங்க முன்னம் நெய் விலை சொல்லாத எண்டு எங்கட ஊரிலயும் சொல்லுறதுதானே" என்றார். யாழ்ப்பாணத்திலிருந்து பதினொரு வயதில் இங்கே வந்தவள் நான். அந்தப் பழமொழியை எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். பெரும்பாலும் எனக்கே சொல்லப்பட்டது. ஆனால் கரடிக்கும் எருமைக்கும் குஞ்சுக்கும் முடிச்சுப் போட ஒருநாளும் தோன்றியதில்லை. அன்றிரவு அந்த எண்பது வரிப் பட்டியலைக் கிழித்துப் போட்டேன்.

இப்போது சனிக்கிழமைகளில் பாரிஸ் புறநகரில் லிசே (மேல்நிலைப் பள்ளி) பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். பாதிப் பேர் தமிழ்ப் பிள்ளைகள். ஆனால் யோசிப்பது பிரெஞ்சில். அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. லிசே முடிவில் எழுதும் பாக் பரீட்சையிலோ, டோய்க் என்ற ஆங்கிலத் தகுதித் தேர்விலோ "இந்தப் பழமொழிக்கு அர்த்தம் எழுதுக" என்று தனிக் கேள்வி எதிர்பார்க்காதீர்கள். அது வேறு வழியாக வரும். வாசிக்கத் தரும் பத்திரிகைக் கட்டுரையின் தலைப்பில் ஒரு சொல் மாறி நிற்கும். கேட்டல் பகுதியில் பாதி மட்டும் காதில் விழும். மொழிபெயர்ப்பில்தான் நேருக்கு நேர் மோதும். அங்கே பிழைக்கும் தரம் உண்டு. சொல் சற்றுப் பிசகினால் 'ஃபோ சான்ஸ்', அர்த்தமே தலைகீழானால் 'கோந்த்ர் சான்ஸ்'. இரண்டாவதற்கு வெட்டு அதிகம்.

மூன்று மொழியிலும் ஒரே உருவில் இருக்கும் பழமொழிகளில் நேரம் செலவழிக்க வேண்டாம். மின்னுவதெல்லாம் பொன்னல்ல, நெருப்பில்லாமல் புகையாது, இக்கரைக்கு அக்கரை பச்சை: இவை பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் ஏறக்குறைய இதே படத்தோடுதான் இருக்கின்றன. பிரெஞ்சும் ஆங்கிலமும் இவ்வளவு ஒத்துப்போவதற்குப் பெரிய காரணம் லத்தீன். டச்சு அறிஞர் எராஸ்முஸ் லத்தீன், கிரேக்கப் பழமொழிகளைத் திரட்டி 1500ல் பாரிஸில்தான் முதலில் அச்சிட்டார். பின்வந்த பதிப்புகளில் அது நாலாயிரத்தைத் தாண்டியது. ஆங்கிலக் கால்வாயின் இரு கரையிலும் படித்தவர்கள் அதிலிருந்து அள்ளிக்கொண்டார்கள்.

மினக்கெட வேண்டியது படம் மாறும் இடத்தில். கரடி எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் பிறகு மறக்காது. பிரெஞ்சுப் பிள்ளைகள் அதைப் பிரெஞ்சுக் கவிஞர் லா ஃபோந்தேனின் கதைப்பாட்டில் படிக்கிறார்கள், 1668ல் வந்தது. இரண்டு கூட்டாளிகள் உயிரோடு திரியும் கரடியின் தோலை வியாபாரியிடம் விலை பேசிவிட்டுக் காட்டுக்குப் போகிறார்கள். கரடி வருகிறது. ஒருவன் மரத்தில் ஏறுகிறான், மற்றவன் செத்தவன் மாதிரிக் கிடக்கிறான், கரடி மோந்து பார்த்துவிட்டுப் போகிறது. நம் பள்ளிப் புத்தகத்திலும் இந்தக் கதை உண்டு. ஆனால் நமக்கு அது ஆபத்தில் விட்டுவிட்டு ஓடும் நண்பனைப் பற்றியது. இவர்களுக்கு விற்ற தோலைப் பற்றியது. மரத்திலிருந்து இறங்கியவன் "கரடி உன் காதில் என்ன சொன்னது?" என்று கேட்க, "கீழே விழுத்தாத கரடியின் தோலை விற்காதே என்றது" என்று பதில் வரும்.

எனக்குப் பிடித்த சோடி வெண்ணெயும் கேக்கும். வெண்ணெயும் வேண்டும், வெண்ணெய் விற்ற காசும் வேண்டும் என்றால் முடியாது என்பது பிரெஞ்சு. 'யூ கான்ட் ஹேவ் யுவர் கேக் அண்ட் ஈட் இட்' என்பது ஆங்கிலம். இதில் பிரெஞ்சு பேசுபவர்கள் கட்டாயம் தடுக்கி விழுவார்கள். கேக் கையில் இருக்கிறது, சாப்பிடுகிறேன், இதில் என்ன முடியாது? சிக்கல் 'ஹேவ்' என்ற சொல்லில். இங்கே அது 'தீராமல் வைத்திருப்பது'. தின்ற கேக் தட்டில் இருக்காது. நான் "கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை" என்று சொன்ன உடனே தமிழ்ப் பிள்ளைகள் சிரிப்பார்கள். மற்றப் பிள்ளைகளுக்கு அவர்களே மீசையில் கூழ் ஒட்டுவதை நடித்துக் காட்டுவார்கள். அதற்குப் பிறகு விளக்கம் தேவைப்படுவதில்லை.

பிரெஞ்சில் இதற்கு ஒரு வாலும் உண்டு: வெண்ணெய், காசு, அதோடு பால்கடைக்காரியின் புன்னகையும். 2016ல் பிரெக்ஸிட் வாக்கெடுப்பு முடிந்த பிறகு, லக்ஸம்பர்க் பிரதமர் சாவியே பெத்தெல் பிரிட்டனைப் பற்றி ஆங்கிலத்தில் பேசும்போது, கேக்கை வைத்திருக்கவும் வேண்டும், தின்னவும் வேண்டும், பேக்கரிக்காரரின் புன்னகையும் வேண்டும் என்கிறார்கள் என்றார். பிரெஞ்சு வாலை ஆங்கிலத் தலையில் ஒட்டிவிட்டார். எல்லோருக்கும் விளங்கியது, சிரித்தார்கள். பிரதமர் செய்தால் நகைச்சுவை, மாணவி செய்தால் கால்க். உலகம் அப்படித்தான்.

சில இடத்தில் தமிழும் பிரெஞ்சும் ஒரு பக்கம், ஆங்கிலம் தனியே. சூடு கண்ட பூனை அடுப்பங்கரை போகாது என்கிறோம். பிரெஞ்சிலும் சுடுநீர் பட்ட பூனைதான், பச்சைத் தண்ணீருக்கும் பயப்படுகிறது. தெனாலிராமன் கொதிக்கும் பாலை வைத்துப் பழக்கிய பூனையும் இதே சாதி. ஆங்கிலத்தில் பூனையே இல்லை: 'ஒன்ஸ் பிட்டன், ட்வைஸ் ஷை'. ஒருமுறை கடிபட்டால் இருமுறை தயங்குவாய். இந்த வரியில் எழுவாயும் இல்லை, முழு வினையும் இல்லை. பிரெஞ்சுப் பிள்ளைகள் உடனே அதை இலக்கணப்படி நிரப்பப் பார்ப்பார்கள். நிரப்பக் கூடாது, அந்த மொட்டை வடிவம்தான் அதன் உருவம்.

இதைவிட ஆபத்தானவை, சொல் ஒன்றாக இருந்து குணம் வேறாக இருப்பவை. வாய்மொழிப் பரீட்சையில் நான் மாட்டிய இடம் அது. தந்த பகுதியில் ஒரு வாடகைக்காரன். அதிகம் பேசமாட்டான், பார்வையே சரியில்லை. நான் பெருமையாக 'ஸ்டில் வாட்டர்ஸ் ரன் டீப்' (அசையாத தண்ணீர் ஆழமாக ஓடும்) என்றேன். பரீட்சகர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "ஓ, அவரை உங்களுக்குப் பிடித்திருக்கிறதா?" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. பிரெஞ்சில் 'தூங்கும் தண்ணீரிடம் எச்சரிக்கையாக இரு' என்பார்கள். நம்முடைய "ஊமை ஊரைக் கெடுக்கும்" பக்கம் சாய்ந்தது. ஆங்கில வரியை இன்று பெரும்பாலும் "நிறைகுடம் தளும்பாது" பக்கம் சாய்த்துத்தான் சொல்கிறார்கள்: பேச்சுக் குறைவு, உள்ளே ஆழம். நான் சந்தேகப்பட்டவனைப் பாராட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

அதே மாதிரி 'சாரிட்டி பிகின்ஸ் அட் ஹோம்'. ஆங்கிலத்தில் தர்மம் வீட்டில் தொடங்குகிறது, குடும்பத்தை முதலில் பார் என்று. பிரெஞ்சில் அது தன்னிடமிருந்தே தொடங்குகிறது. கேக் வெட்டும்போது பெரிய துண்டைத் தன் தட்டில் வைத்துக்கொண்டு சிரித்தபடி சொல்வார்கள். "தனக்கு மிஞ்சித்தான் தானம்" என்ற நம் வரி பிரெஞ்சுக்காரருக்கு அருகில் நிற்கிறது.

இலக்கணத்தில் ஒன்று மட்டும் சொல்கிறேன். 'வென் த கேட் இஸ் அவே, த மைஸ் வில் ப்ளே.' இதில் 'வில்' வருவதால் வருங்காலம் என்று நினைத்து, 'எலிகள் விளையாடும், நாளைக்கு' என்ற தொனியில் பிரெஞ்சுக்கு மாற்றுகிறார்கள். அது எதிர்காலம் அல்ல, வழக்கம். பூனை இல்லாத நேரமெல்லாம் எலிகளின் வேலை அதுதான். பிரெஞ்சில் எலிகள் நிகழ்காலத்தில், அதுவும் நடனம் ஆடுகின்றன.

காதுக்கு வருவோம். பிறப்பிலேயே ஆங்கிலம் பேசுபவர்கள் பழமொழியை முழுக்கச் சொல்வது குறைவு. ரோமில் இருந்தால் ரோமர் செய்வதைச் செய் என்பதை 'வென் இன் ரோம்' என்று இழுத்து நிறுத்திவிடுவார்கள். 'ஸ்பீக் ஆஃப் த டெவில்' என்றால் பேசிக்கொண்டிருந்த ஆள் கதவடியில் நிற்கிறார் என்று அர்த்தம். பிரெஞ்சில் அங்கே பிசாசுக்குப் பதில் ஓநாய், பேசினால் வால் தெரியுமாம். கேட்டல் பரீட்சையில் மிச்சப் பாதிக்காகக் காத்திருந்தால் அடுத்த வசனம் போய்விடும். ஆகவே படிக்கும்போதே முதல் மூன்று சொல்லைத் தனியாகச் சொல்லிப் பழகுங்கள்.

உச்சரிப்பில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு சொத்து இருக்கிறது, அது தெரியாமலே வீணாக்குகிறார்கள். 'பேர்ட்ஸ் ஆஃப் எ ஃபெதர் ஃப்ளாக் டுகெதர்', அதாவது இனம் இனத்தோடு. பிரெஞ்சு வாய் இதை 'ஃபெஸர் டுகெஸர்' என்று ஆக்கிவிடும், கூடப் படிக்கும் தமிழ்ப் பிள்ளையும் அப்படியே சொல்லும். நான் "அது, இது, எது" என்று பத்துத் தரம் சொல்லச் சொல்வேன். நாக்கு பல்லில் லேசாகத் தொட்டு விலகும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு 'ஃபெதர்' சொன்னால், சரியாக வந்து விழும். அம்மாவோடு வீட்டில் பேசும் வாய்தான், வகுப்பில் ஏனோ பூட்டிக்கொள்கிறது.

கொப்பி எப்படி எழுதுவது என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஒரு பழமொழிக்கு அரைப் பக்கம். மேலே ஆங்கிலம் மட்டும். கீழே யார், யாருக்கு, எப்போது சொன்னது என்று உங்கள் வாழ்க்கையிலிருந்து ஒரு சம்பவம், எந்த மொழியிலும் எழுதலாம். பிரெஞ்சுப் பழமொழியைப் பக்கத்தில் எழுதவே வேண்டாம். தேவைப்படும்போது சம்பவம் வழியாகத் தானாக வரும். கிழமைக்கு மூன்று போதும். கட்டுரையில் ஒன்றுக்கு மேல் வைக்காதீர்கள், முடிவுரையில் வைக்கவே வைக்காதீர்கள். திருத்துபவர் ஒரு நாளில் இருபது 'ரோம் வாஸ்ன்ட் பில்ட் இன் எ டே' பார்த்துக் களைத்திருப்பார்.

போன சனி பதினாறு வயதுத் தம்பி ஒருவன் கொப்பியை நீட்டினான். மேலே 'டோன்ட் கவுண்ட் யுவர் சிக்கன்ஸ்'. கீழே தமிழும் பிரெஞ்சும் கலந்து: "மாமா பெர்மி (கார் லைசென்ஸ்) பரீட்சைக்கு முதலே கார் வாங்கிட்டார். ரெண்டு தரம் ஃபெயில். கார் கீழ பார்க்கிங்கில நிக்குது. அம்மம்மா ஒவ்வொரு நாளும் சொல்லுறா." அடுத்த பக்கத்தில் 'எவ்ரி கிளவுட் ஹாஸ் எ சில்வர் லைனிங்' (எந்தக் கெட்டதிலும் ஒரு நல்லது உண்டு) என்று எழுதி, கீழே வெறுமையாக விட்டிருந்தான்.

"அக்கா, இதுக்கு ஒண்டும் வரேல்ல. நீங்க ஏதும் சொல்லுங்கோ, எழுதுறன்" என்றான்.

"இப்ப விடு. மாமா மூண்டாம் தரம் போகேக்க பார்ப்பம்" என்றேன்.