புளியமர ஏலம்: பணம் கணக்கில் ஏறும் வரை

ஒருவழியாக எங்கள் ஊராட்சியின் புளியமர மகசூல் ஏலம் முடிந்து, தொகை முழுவதும் ஊராட்சியின் முதல் கணக்கில் (பொது நிதிக் கணக்கு) ஏறிவிட்டது. கண்மாய் மீன்பாசி ஏலத்திலும் வாரச்சந்தைக் குத்தகையிலும் இழுபறி இல்லை. புளியமரம்தான் படுத்திவிட்டது. வீட்டுவரியை ஒரு ரூபாய்கூட ஏற்றாமல் வரக்கூடிய காசு இது. கேட்பாரில்லாமல் எத்தனையோ ஊர்களில் கைவிட்டுப் போகிறது.

மரம் யாருக்கு என்பதைச் சாலைதான் தீர்மானிக்கிறது. ஊராட்சிச் சாலை என்றால் மகசூல் ஊராட்சிக்கு. நெடுஞ்சாலைத் துறைச் சாலை என்றால் அந்தத் துறையே ஏலம் விடும். எங்கள் சாலையில் பாதித் தூரம் இதர மாவட்டச் சாலையாக, அதாவது நெடுஞ்சாலைத் துறைச் சாலையாக, தரம் உயர்ந்திருந்தது. எந்த இடம் வரை என்று ஊராட்சியில் ஒரு தாள்கூட இல்லை. ஏல அறிவிப்பை ஒட்டிய பிறகு, 'அதெல்லாம் எங்கள் மரங்கள்' என்று ஓர் அலுவலகத்திலிருந்து போன். ஏலம் நின்றது. எழுத்தில் கொடுங்கள் என்றால், கோப்பு வேறு பிரிவில் என்றார் எழுத்தர். அந்தப் பிரிவிலோ, மேல் அலுவலகத்தில் கேளுங்கள் என்றார்கள். இப்படி வாய்வார்த்தையிலேயே பருவம் கழியப் பார்த்தது.

வழி திறந்தது தகவல் உரிமை மனுவில்தான். 6(1) பிரிவில், 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, ஒரே கேள்வி: சாலையைத் தரம் உயர்த்திய ஆணையின் நகல், தொடங்கும் முடியும் கிலோமீட்டர் விவரத்துடன். கோப்பு தங்களிடம் இல்லையென்றால் 5 நாளில் உரிய அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டியது 6(3) பிரிவின்படி அவர்கள் பொறுப்பு. இதை மனுவிலேயே எழுதிவிடுங்கள். அப்புறம் யாரும் உங்களை அலைய விட முடியாது. பதிலுக்கு 30 நாள் அவகாசம் உண்டு. ஆகஸ்ட் 15 கிராம சபை முடிந்த கையோடு மனுப் போட்டுவிட்டால், கார்த்திகையில் ஏலம் வைக்கத் தாள் கையில் இருக்கும். அதற்கு மேல் தள்ளாதீர்கள். தை பிறந்தால் பழம் உதிரத் தொடங்கும். பொறுக்கியவர் பொறுக்கியது போக மிச்சத்துக்கு யாரும் விலை தரமாட்டார்கள்.

நகல் கிடைத்ததும் விஏஓவிடம் புல வரைபடத்தை வாங்கி, மரம் மரமாக நடந்து எண்ணி, பெயிண்டில் எண் போட்டோம். பழைய ஏலப் பதிவேட்டின் எண்ணிக்கையை நம்பவே கூடாது. காற்றில் சாய்ந்தவையும் சாலை அகலப்படுத்த வெட்டியவையும் அதில் இன்னும் உயிரோடு இருக்கும். பணம் கட்டிய ஏலதாரர் குறையும் மரத்துக்குத் திருப்பிக் கேட்டால் பதில் சொல்ல முடியாது. பட்டா நிலத்து வரப்பில் நிற்கும் மரங்களை விட்டுவிடுங்கள், வழக்கு வரும்.

ஏலத்தன்று வேறு தொல்லை. வியாபாரிகள் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு, ஒருவர் மட்டும் கேட்க மற்றவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். எங்களுக்குக் கைகொடுத்தவை இரண்டு. ஒன்று, பக்கத்து ஊர்ச் சந்தைகளிலும் தண்டோரா போட்டது. இன்னொன்று, மொத்த மரங்களையும் ஒரே ஏலமாக விடாமல் சிறு தொகுதிகளாகப் பிரித்தது. உள்ளூரில் புளி குத்தி விற்கும் மகளிர் குழுப் பெண்களும் டேவணித் தொகை (ஏலம் கேட்க முன்கூட்டிக் கட்டும் வைப்புத்தொகை) கட்டிக் கேட்க வந்துவிட்டார்கள், விலை ஏறியது. புளி ஒரு வருடம் கொட்டும், மறுவருடம் ஏமாற்றும். அதனால் ஆரம்ப விலைக்குப் போன வருடத் தொகையை மட்டும் பார்க்காமல் மூன்று வருடச் சராசரியை எடுங்கள்.

நிபந்தனைகளை ஏல அறிவிப்பிலேயே அச்சிட்டுவிடுங்கள்: முழுத்தொகை கட்டி ரசீது வாங்காமல் மரத்தில் கை வைக்கக் கூடாது. பழம் மட்டுமே, கிளையும் பட்ட மரமும் சேராது. உலுக்கும்போது சாலையின் இருபுறமும் ஆள் நிற்க வேண்டும். பங்குனி முடிவோடு உரிமை முடியும். ஜிஎஸ்டி தொகைக்குள்ளா, தனியா என்பதையும் அதிலேயே எழுதுங்கள்; எழுதாத ஊரில் பாக்கி வசூலாவதற்குள் அடுத்த காய்ப்பு வந்துவிடும்.